இடுப்பில் கட்டிய தேள்

மற்றவர்கள் அடிபடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. நியமன ஆணையில் அது இதைவிட நீளமாக, ஆங்கிலத்தில் இருந்தது. திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகும் சாலையில், கப்பலுக்குப் போகும் சரக்கைக் கன்டெய்னர்களில் அடுக்கி அனுப்பும் ஒரு யார்டில் நான் உதவிப் பாதுகாப்பு அலுவலர். வேதியியல் பட்டமும் அதற்கு மேல் ஒரு பாதுகாப்புப் பட்டயமும் வைத்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்தபோது என் மகள் தத்தித் தத்தி நடக்கத் தொடங்கியிருந்தாள். அவள் கட்டில் காலில் இடித்துக்கொள்ளாமல் காப்பாற்றவே எனக்குத் தெரியவில்லை என்பதை நேர்முகத் தேர்வில் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சேர்ந்த சில மாதங்களில் அந்தக் கருவி வந்தது. தீப்பெட்டி அளவு, கறுப்பு நிறம். பெல்ட்டில் செருகி இடுப்புக்குப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். முட்டியை மடக்காமல் முதுகை வளைத்துப் பாரம் தூக்கினால் அது நடுங்கி எச்சரிக்கும். எத்தனை முறை எவ்வளவு வளைந்தோம் என்பதெல்லாம் கணினிக்குப் போய், சாயங்காலம் ஒவ்வொருவர் எண்ணுக்கும் எதிரே ஒரு நிறம் வரும். பச்சை என்றால் பத்திரம், மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் ஆபத்து.

அதை விற்ற பெங்களூர் நிறுவனத்தின் தம்பி ஒருவர் செயல்விளக்கம் கொடுக்க வந்தார். ஏசி அறையில் லோடு ஆட்களை வரிசையாக உட்காரவைத்து, ஓர் அட்டைப்பெட்டியை முட்டி மடக்கி, முதுகு நிமிர்த்தி மூன்று தடவை தூக்கிக் காட்டினார். அழகாகத்தான் தூக்கினார். பெட்டியில் இருந்த கருவிகளை முன்பே மேசையில் எடுத்து வைத்திருந்தார்.

அரிசி மூட்டை ஏற்றும் கேங்கின் மேஸ்திரி கை தூக்கினார். “சார், மூட்ட தலையில கீது. அப்போ முட்டிய மடக்குனா மூட்ட எங்க போவும்?”

“நல்ல கேள்வி” என்று சொல்லிவிட்டு, தம்பி அடுத்த படத்துக்குப் போனார்.

“இத்த கட்டிகினா இடுப்பு வலி போயிடுமா?”

“போகாதுங்க. வலி வரப்போகுதுன்னு முன்கூட்டியே சொல்லும்.”

“அத்த என் பொண்டாட்டியே சொல்லுவாளே” என்றார் மேஸ்திரி. அறை முழுக்கச் சிரிப்பு. எங்கள் மேலாளரும் சிரித்துவிட்டு, சிரித்தது தப்போ என்று என்னைப் பார்த்தார். தப்பா சரியா என்று எனக்கும் தெரியாததால் குறிப்பெடுப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

முதல் நாளே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். கருவி நடுங்கும்போதெல்லாம் “தேள் கொட்டிச்சிபா” என்று ஒரு குரல் வரும். மூட்டை ஏற்றும் இடத்தில் அது ஓயாமல் கொட்டிக்கொண்டிருந்தது.

நான் அதை நம்பினேன். நிறங்களை நம்பும் சுபாவம் எனக்கு உண்டு. மகளின் எடை அட்டையில் புள்ளி பச்சைப் பட்டையை விட்டு மஞ்சளில் விழுந்த மாதம், நான் சாப்பிட்ட சாப்பாடு உடம்பில் ஒட்டவில்லை. “கொயந்த நல்லாத்தான ஓடிகினு கீது, அட்டைக்கு இன்னா தெரியும்” என்று மாமியார் சொன்னார். அட்டைக்குத் தெரியாமலா அச்சடித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அதே பக்தியோடு, மற்றவர்களுக்குக் கொடுப்பதை நாமும் போட்டுப் பார்க்க வேண்டும் என்று ஒருநாள் முழுக்க அந்தக் கருவியை நானும் கட்டிக்கொண்டேன். நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்ததால் சாயங்காலம் எனக்குச் சுத்தப் பச்சை வந்தது. நாற்காலியிலிருந்து எழும்போது, பிரசவத்தின்போது முதுகில் ஊசி போட்ட இடத்தில் வழக்கமான வலி சுருக்கென்று பிடித்தது. வலிதான் தப்பாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

முதல் மாதக் கணக்கு வந்தது. அரிசி கேங்கில் ஆறு பேர். இரண்டு பேர் மூட்டையைத் தூக்கித் தலையில் ஏற்றிவிடுவார்கள், இரண்டு பேர் சுமப்பார்கள், இரண்டு பேர் கன்டெய்னருக்கு உள்ளே நின்று வாங்கி அடுக்குவார்கள். அந்த ஆறில் ஐந்து எண்களுக்குச் சிவப்பு. நான்காம் எண்ணுக்கு மட்டும் பச்சை, அதுவும் யார்டிலேயே முதலிடம்.

மேலாளர் திரையை விரலால் தட்டினார். “பார்த்தீங்களா? அதே மூட்டை, அதே கன்டெய்னர், அதே வெயில். இவர் மட்டும் எப்படி? இதுதான் டெக்னிக்.”

நான்காம் எண்காரர் கொருக்குப்பேட்டைக்காரர். நாற்பதைத் தாண்டியவர், மீசைக்கும் தலைக்கும் தவறாமல் மை போடுபவர், வாட்ச்மேனிலிருந்து சுங்க அதிகாரி வரை எல்லாரையும் ‘நைனா’ என்று கூப்பிடுபவர். உள்ளே நின்று அடுக்குகிற இருவரில் ஒருவர். யார்டு வாசலில் அவர் படம் போட்ட ஃபிளெக்ஸ் வைத்தார்கள். ‘பாதுகாப்பு நாயகன்’ என்று எழுதி, பக்கத்தில் மேலாளர் கைகூப்பிக்கொண்டிருக்கும் படம், அதைவிடக் கொஞ்சம் பெரிதாக. பாதுகாப்பு விழாவில் நாயகனுக்கு ஒரு ஹாட்பாக்ஸ் பரிசு. மைக்கைக் கையில் வாங்கி அவர் பேசினார்:

“நைனாங்களே, இத்த நான் மட்டும் வாங்கல. எங்கூட நிக்கிற அஞ்சு பேரு இல்லாங்காட்டி இந்தப் பரிசு எனக்கு இல்ல.”

“என்ன அடக்கம்” என்றார் மேலாளர். எல்லாரும் கைதட்டினோம். அந்த ஐந்து பேர் மட்டும் தட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பொறாமையோ என்று நினைத்தேன்.

மறுநாள் எனக்கு ஒரு பணி வந்தது. நாயகன் மூட்டை தூக்குவதைப் பக்கவாட்டில் நின்று, முட்டி தெரியும்படி வீடியோ எடுக்க வேண்டும். எல்லாக் கிளைகளுக்கும் அதைப் பயிற்சிப் படமாக அனுப்பப்போகிறார்கள்.

காலையிலேயே போனை எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போனேன். கன்டெய்னருக்குள் இட்லிப் பானைச் சூடு. நாயகன் ஒரு கவிழ்த்த பெட்டிமேல் உட்கார்ந்து, கைக்கு எட்டிய கொக்கிகளில் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். வருகிற ஒவ்வொரு மூட்டைக்கும் ராகமாக எண் சொன்னார். மூட்டைகளை இன்னொருவர் ஒற்றையாளாக வாங்கி அடுக்கினார். அவர் களைத்தால் சுமக்கிறவர்களில் ஒருவர் உள்ளே வந்து இடம் மாற்றிக்கொண்டார். நாயகன் மட்டும் எழவே இல்லை. இடைவேளை போலிருக்கிறது என்று காத்திருந்தேன். கன்டெய்னர் பாதி நிரம்பியது. பெண் நின்று பார்ப்பதில் கூச்சப்படுகிறாரோ என்று சற்று தள்ளிப்போய் ஒரு தூண் மறைவிலிருந்து பார்த்தேன். நான் கண் சிமிட்டும் நேரத்தில் தூக்கிவிடுகிறாரோ என்றுகூட ஒரு சந்தேகம் வந்தது.

கடைசியில் மேஸ்திரி ஒரு டீயோடு வந்தார். “இன்னா மேடம், காலைலேர்ந்து அந்த போன தூக்கிகினு நிக்கிறீங்க. தேளு ஒங்களுக்குத்தான் கட்டணும்.”

“அவர் மூட்டை தூக்கறதை எடுக்கணும்ணா.”

மேஸ்திரி உள்ளே பார்த்தார், என்னைப் பார்த்தார். “அப்போ ஒரு நாற்காலி போட்டுக்கோங்க. ரொம்ப நாளாவும்.”

பிறகு சொன்னார். சில மாதங்களுக்கு முன் அடுக்கு சரிந்து, மூட்டையோடு நாயகன் விழுந்திருக்கிறார். இடுப்பு எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் ஏதோ ஒன்று நகர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, பாரம் தூக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

“ரெஸ்ட் எடுக்கச் சொன்னாரு டாக்டரு” என்று உள்ளிருந்து குரல் வந்தது. “எடுத்துகினுதான் கீறேன் நைனா.”

“ஆபீஸ்ல ஏன் சொல்லல?” என்றேன்.

“சொன்னா கான்ட்ராக்டரு ‘வூட்ல போயி எடு’ன்னுவான்” என்றார் மேஸ்திரி. “அப்பால கேட் பாஸு வருமா? இவன் வயசுக்கு வேற யாரு சேத்துப்பா? போன வருசம் எனக்குக் கையி. அதுக்கு முன்ன, தோ அங்க சொமக்கறானே, அவனுக்கு முட்டி. எவனுக்காச்சும் ஒண்ணு இருந்துகினேதான் கீது மேடம். ஆறு பேரு வரோம், அஞ்சு பேரு தூக்கறோம். கூலி மட்டும் ஆறா பிரிப்போம். எப்பவும் அப்டித்தான்.”

யார்டில் இத்தனை இடுப்புகள் இருக்க, அந்தக் கருவி உண்மையிலேயே உடைந்துபோன ஒரே இடுப்பைத் தேடிக் கண்டுபிடித்து, அதற்கு முதல் பரிசு கொடுத்திருந்தது. அந்த இடுப்பைப் பார்த்து மூட்டை தூக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்று எல்லாக் கிளைகளுக்கும் சொல்ல என்னை அனுப்பியிருந்தார்கள்.

விதி எனக்குத் தெரியும். உடல் தகுதியில்லாத ஆளை உடனே மேலே சொல்ல வேண்டும். சொன்னால் மறுநாள் அவர் வாசலுக்கு வெளியே, தன் ஃபிளெக்ஸுக்குக் கீழே நிற்பார். சொல்லாமல் விட்டு, நாளைக்கு உள்ளே இன்னொரு அடுக்கு சரிந்தால், ஓடிப்போய் விலக முடியாத ஒரு மனிதரைத் தெரிந்தே உள்ளே உட்காரவைத்தது நான் என்றாகும். மாலை ரயிலில் காலி மீன் கூடைகளுக்கு நடுவே நின்றபடி ராயபுரம் வரும்வரை இதையே இரண்டு பக்கமும் புரட்டினேன். சொல்லிவிடுவது என்று கொருக்குப்பேட்டையில் முடிவெடுத்து, வண்ணாரப்பேட்டையில் கைவிட்டேன்.

வீட்டில் மாமியார் என் முகத்தைப் பார்த்ததும், “இன்னாம்மா, கொயந்தைக்கு மறுபடி அட்டையில எதனா வந்துச்சா?” என்றார். விஷயத்தைச் சொன்னேன். துறைமுகத்தில் வேலை பார்த்தவரின் மனைவி அவர். ஆச்சரியமே படவில்லை.

“நொண்டிக்காரன ஒக்கார வெச்சிட்டு மத்தவன் செய்றான். இத்த கண்டுபுடிக்க ஒரு மிஷினு, அந்த மிஷின பாத்துக்க நீயி. நல்லாத்தான் படிச்சிக்கீற.”

மறுநாள் போய் அடுக்கைக் கயிறு போட்டுக் கட்ட ஏற்பாடு செய்தேன். நாயகனின் பெட்டியைக் கன்டெய்னர் வாசலுக்கு நகர்த்தச் சொன்னேன். அடுக்கு சரிந்தால் ஓரடி நகர்ந்தாலே அவர் வெளியே வந்துவிடலாம் அல்லவா. அதன் பிறகு வீடியோ எடுத்தோம்.

அரிசிச் சாக்கில், பொருட்களை உடையாமல் சுற்ற வைத்திருந்த நுரைத் தாள்களை அடைத்துத் தைத்தார்கள். நாயகன் முட்டி மடக்கி, முதுகு நிமிர்த்தி, பெங்களூர் தம்பியே வெட்கப்படும் அளவுக்கு அழகாகத் தூக்கினார். தூக்கியதும் கேமராவைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தார்.

“டேய், அம்பது கிலோடா அது” என்றார் மேஸ்திரி. “மூட்டைன்னு மூஞ்சில காட்டு. கல்யாணப் பத்திரிக தூக்கற மாதிரி தூக்கற.”

இரண்டாம் தடவை முகம் சரியாக வந்தது. ஆனால் கீழே வைத்த மூட்டை, கடற்காற்றில் மெல்லத் தானாக நகர்ந்து போனது. மூன்றாம் தடவை ஒருவர் சட்டகத்துக்கு வெளியே படுத்து, சாக்கின் காதைப் பிடித்துக்கொண்டார். எடுத்தது போதும் என்று எனக்குத் தோன்றியது. நாயகனுக்குத் தோன்றவில்லை. வியர்வை போதவில்லை என்று முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு இன்னொரு தடவை கேட்டார்.

படம் பெரிய வெற்றி. அதுதான் வினையாயிற்று. மேலாளர் என்னைக் கூப்பிட்டார். “அடுத்த வாரம் வெளிநாட்டு வாடிக்கையாளர் வர்றாங்க. நம்ம ஆள் அவங்க முன்னாடி நேர்ல பண்ணிக் காட்டட்டும். ஓப்பன் யார்டுல, நிஜ மூட்டையோட.”

கிடங்குக்குப் போய்ச் சொன்னேன். நாயகன் மீசையைத் தடவிக்கொண்டார். “ஒரே ஒரு மூட்டதான நைனா. தூக்கிடுவேன்.”

“தூக்குவ” என்றார் மேஸ்திரி. “அப்பால ஒன்ன நாங்க தூக்கணும், நாலு பேரா.”

“பேனர்ல போட்டோலாம் போட்டுட்டாங்களே மாமு. இல்லன்னா அசிங்கம்.”

“இடுப்பு போனா அசிங்கம் இல்லியா? மூடிகினு பொட்டலம் கட்டு. பேஜாரு பண்ணாத.”

நாயகன் வெறும் வாய்ச்சவடால் விடவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அந்த ஃபிளெக்ஸ் படத்துக்காக அவர் உண்மையிலேயே தூக்கிவிடுவார். தூக்கினால் திரும்ப எழமாட்டார். மறுத்தால் ஏன் என்ற கேள்வி வரும். கேள்விக்குப் பின்னால் மருத்துவர் வருவார், மருத்துவருக்குப் பின்னால் கான்ட்ராக்டர் வருவார்.

கருவிகளை இரவில் சார்ஜில் போட்டு, காலையில் எண் பார்த்து ஆளுக்கொன்றாகக் கொடுப்பது என் பொறுப்பு. அடுத்த நாளும் அப்படித்தான் கொடுத்தேன். மதியம் கிடங்குக்குப் போனபோது, கேங்கிலேயே கடுமையாகக் குனிந்து நிமிர்ந்து மூட்டை ஏற்றிவிட்டுக்கொண்டிருந்த மேஸ்திரியின் இடுப்பில் நான்காம் எண் இருந்தது.

“அண்ணா, உங்க எண் ரெண்டு.”

“அப்டியா?” என்றார் திரும்பாமலே. “எங்க கேங்குல ஒன்து என்துன்னு கெடையாது மேடம். கிளவுசு, சும்மாடு, சோறு எல்லாம் ஒரே குமியலாத்தான் கொட்டி வெப்போம். கைக்கு வந்தத எடுத்துக்குவோம். இந்தத் தேளு மட்டும் இன்னா, தொர வூட்டுப் புள்ளையா?”

கன்டெய்னர் வாசலில் நாயகன் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். அவர் இடுப்பில் இரண்டாம் எண். நான் மேஸ்திரியின் பெல்ட்டைப் பார்த்தேன். பிறகு காலைப் பார்த்தேன். பாதுகாப்புக் காலணி போட்டிருந்தார். “ஷூ சரியா போட்டிருக்கீங்க” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வாரக் கடைசியில் நாயகனின் எண் சிவப்பாகிவிட்டது. சும்மா சிவப்பில்லை, யார்டிலேயே கடைசி இடம். மேலாளர் இடிந்துபோய்ப் பெங்களூர் தம்பியை வீடியோ அழைப்பில் பிடித்தார். தம்பி கொஞ்சமும் அசரவில்லை.

“இது நார்மல் சார். பரிசு கொடுத்ததும் ஒரு அலட்சியம் வந்துடும். மனுஷங்க அப்படித்தான். நீங்க கண்ணால பார்த்திருந்தா தெரிஞ்சிருக்குமா? எங்க சிஸ்டம் அதையும் பிடிச்சிடுச்சு பாருங்க.”

மேலாளர் மெய்ம்மறந்து தலையாட்டினார். நான் கிடங்கு இருக்கும் திசையில் ஜன்னலைப் பார்த்தேன். அங்கே போய்ப் பார்க்க முந்நூறு அடி நடந்தால் போதும். அந்தத் தம்பி பெங்களூரிலிருந்து வர வேண்டும், மேலாளர் ஏசியிலிருந்து எழ வேண்டும். இரண்டும் தூரம்தான்.

நேரடி செயல்விளக்கம் ரத்தானது. வாடிக்கையாளருக்குத் திரையில் வட்ட வட்டமாக நிறக் கணக்குப் படங்கள் காட்டினார்கள். அவர்களும் மூட்டையை விட அதைத்தான் விரும்பினார்கள். ஃபிளெக்ஸைக் கழற்றிச் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் வெயிலுக்கு மறைப்பாகக் கட்டிவிட்டார்கள். நாயகன் அதற்காக மட்டும் இரண்டு நாள் மேஸ்திரியோடு பேசவில்லை.

வாரக் கணக்கில் யார்டிலேயே கடைசி இடம் வந்தவருக்கு அரை நாள் மறுபயிற்சி, கூலி பிடிக்கக் கூடாது என்பது தலைமை அலுவலகத்தின் விதி. தொடர்ந்து இரண்டு முறை வந்தால் ஆளை மாற்றச் சொல்வார்கள். மறுபயிற்சி நடத்த வேண்டியவள் நான். காட்ட வேண்டிய படம் ஒன்றே ஒன்றுதான், புதிதாக எடுத்தது.

ஆகவே நாயகன் ஏசி அறையில் உட்கார்ந்து, சரியாக மூட்டை தூக்குவது எப்படி என்று தன்னிடமே கற்றுக்கொண்டார்.

“இதுல கொஞ்சம் குண்டா தெரியறேன்ல நைனா?” என்றார். சிறிது நேரம் கழித்து, “இங்க பாருங்க, மூட்ட நவுருது. அவன் காத சரியா புடிக்கல, கஸ்மாலம்.” பிறகு நாற்காலியில் நெளிந்தார். உட்கார்ந்தாலும் வலிக்கிறது என்று அவர் முகம் சொன்னது. சுவரோரம் இருந்த நீள பெஞ்சைக் காட்டினேன். மறுபேச்சில்லாமல் படுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் கடைசி இடம் மேஸ்திரிக்கு வந்தது. பழைய கை வலி திரும்பியிருந்தது. அதற்கடுத்த வாரம் முட்டிக்காரர். வாரத்துக்கு ஒருவர், எவருக்கு வலி அதிகமோ அவர், பெஞ்சுக்கு வந்தார். எவரும் தொடர்ந்து இரண்டு முறை வரவில்லை. அந்தக் குமியலுக்குள் யார் என்ன கணக்குப் போட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. மேலாளர் தலைமைக்கு எழுதினார்: மறுபயிற்சி பெற்ற ஒருவர்கூட உடனே தவறைத் திரும்பச் செய்வதில்லை. பாராட்டுக் கடிதத்தில் என் பெயரும் இருந்தது. மாமியார் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் நடக்கப் பழகிக்கொண்டேன்.

சென்ற வாரம் மறுபடி நாயகனின் முறை. பெங்களூரிலிருந்து வந்த புதுச் செய்தியை அவரிடமும், அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்த மேஸ்திரியிடமும் சொன்னேன். அடுத்து வரப்போகும் கருவி, கட்டியிருப்பவரின் நடையை வைத்தே ஆளை அடையாளம் கண்டுகொள்ளுமாம். மாற்றிக் கட்டினால் தெரிந்துவிடுமாம்.

மேஸ்திரி கொஞ்சம் யோசித்தார். “ஆறு பேரும் நொண்டிகினு நடந்தா?”

“என்னைப் பாத்துக் கத்துக்கோ மாமு” என்றார் நாயகன் பெஞ்சிலிருந்து. “நான் சொல்லித் தரேன்.”

மேஸ்திரி போன பிறகு படத்தை ஓடவிட்டேன். நாயகன் கண்ணை மூடிவிட்டார். அவர் மூச்சு சீராகும்வரை ஒலியைக் குறைத்து வைத்தேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மேலாளரின் தலை தெரிந்தது. நான் மேசையில் பேனாவால் தட்டினேன். நாயகன் கண்ணைத் திறக்கவில்லை. படுத்தபடியே முதுகை பெஞ்சோடு நிமிர்த்தி வைத்து, இரண்டு முட்டிகளையும் மெதுவாக மடக்கிக் காட்டினார். மேலாளர் கட்டைவிரலை உயர்த்திவிட்டு நகர்ந்தார்.